ரயில்ரோடு கமிஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உண்மையா மோசடியா? (டெக்சஸ், கேஸ் குழாய் அடிபட்ட விஷயம்)

வேலிக்காரன்:
வணக்கம் நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஹூஸ்டன் பக்கம் நானும் மச்சானும் வீடுகளுக்கு மரவேலி போட்டுத் தருகிறோம். போன மாதம் ஒரு வீட்டின் பின்பக்கம் மூன்றாவது கம்பத்துக்குக் குழி போடும்போது ஆகர் மெஷின் சட்டென்று இழுத்தது. மேலே தூக்கினால் பிளேடில் கறுப்புக் களிமண்ணோடு மஞ்சள் பிளாஸ்டிக் சீவல் சுற்றிக்கொண்டு வருகிறது, அடுத்த நொடியே உஸ்ஸென்று சத்தம், அழுகிய முட்டை நாற்றம். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கார அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி 911-ஐக் கூப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது 'டெக்சஸ் ரயில்ரோடு கமிஷன்' பெயரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எங்களுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? மோசடி, கிழித்துப் போடு என்கிறான் மச்சான். நெட்டில் தேடினால் 2 லட்சம் டாலர் அபராதம் என்று வருகிறது, இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களை அடையாளம் போட்டுத் தரும் 811 எண்ணுக்குச் சொல்லிவிட்டுத்தான் தோண்டினோம்.

குழாய்வேலை:
தம்பி, கிழித்துவிடாதீர்கள்! அப்படி ஓர் அலுவலகம் நிஜமாகவே இருக்கிறது. 1891-இல் ரயிலுக்காக ஆரம்பித்தது, அப்புறம் எண்ணெய், கேஸ், குழாய்ப் பாதுகாப்பு எல்லாம் அதன் கைக்கு வந்தன, 2005-இல் ரயில் வேலை வேறு துறைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அடிக்காமல் கமிஷனின் இணையதளத்தில் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 2 லட்சம் உச்சவரம்பு. கேஸ் குழாய்ப் பாதுகாப்பு விதியை மீறினால் ஒரு மீறலுக்கு 2 லட்சம் டாலர் வரை, ஒவ்வொரு நாளும் தனி மீறல், தொடர் மீறல்களுக்கு மொத்தம் 20 லட்சம் வரை போகலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. தொகையை முடிவு செய்யும்போது பழைய மீறல் உண்டா, எவ்வளவு ஆபத்து, உங்கள் தவறு எந்த அளவு, நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டீர்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பெரிய தொகையெல்லாம் பெரிய விபத்துக்குத்தான். கலிஃபோர்னியாவில் சான் புருனோவில் 2010-இல் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் தரைமட்டம். குழாய்க்குச் சொந்தமான பிஜி அண்ட் ஈ கேஸ் கம்பெனி மீது அந்த மாநில ஆணையம் 2015-இல் போட்டது 160 கோடி டாலர். உங்கள் கதை அந்த வரிசையில் வராது, பயப்படாதீர்கள்.

811-இல் பதிவு செய்தபோது கொடுத்த டிக்கெட் எண், தேதி, குழி போடுவதற்கு முன் எடுத்த போட்டோ, இந்த மூன்றும் கையில் இருக்கிறதா?

பேக்ஹோ_டல்லாஸ்:
போன வருடம் எனக்கும் இதே கடிதம் வந்தது. பதில் போடாமல் விட்டால்தான் வம்பு. இன்னொன்று, எத்தனை நாள் கழித்துத் தோண்டினீர்கள்? டிக்கெட்டுக்கு ஆயுள் 14 வேலைநாள்தான், அதற்குமேல் போனால் புதுசு எடுக்க வேண்டும்.

வேலிக்காரன்:
அண்ணா, நீங்கள் கேட்டதும் போனில் தேடிப் பார்த்தேன். டிக்கெட் 3-ஆம் தேதி திங்கள். மஞ்சள் பெயிண்டும் கொடியும் போட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் ஒரே மழை, வேலை தள்ளிக்கொண்டே போய் 26-ஆம் தேதிதான் இறங்கினோம், அதற்குள் பெயிண்ட் கரைந்துவிட்டது, கொடியைப் புல்வெட்டுகிற ஆள் பிடுங்கிவிட்டார். சனி, ஞாயிறு கழித்தாலும் 14 தாண்டிவிடுகிறது. இந்த விதியே எனக்குத் தெரியாது. போட்டோ மூன்று இருக்கிறது, எல்லாம் அடிபட்ட பிறகு எடுத்தது.

குழாய்வேலை:
சரி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டிக்கெட் எடுத்தோம், மழை, அடையாளம் அழிந்தது, காலாவதியானதைக் கவனிக்கவில்லை, அடிபட்டதும் ஆட்களை அப்புறப்படுத்தி 911-க்குச் சொன்னோம். தேதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், டிக்கெட் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவுக்குள் அனுப்புங்கள். தொகை அதிகம் என்று பட்டால் விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேஸ் கம்பெனி ரிப்பேர் பில் அனுப்பினால் அது தனிக் கணக்கு, உங்கள் இன்சூரன்ஸுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

911-க்கு அடித்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. சிலர் பிளாஸ்டிக் குழாயை மடக்கிப் பிடிப்பார்கள், டேப் சுற்றுவார்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் தேங்கும் நிலைமின்சாரமே கேஸைப் பற்றவைக்கப் போதும். அந்த நாற்றம்கூட சும்மா வந்ததில்லை. 1937-இல் இதே டெக்சஸில் நியூ லண்டன் பள்ளியில் வாசனையே இல்லாத கேஸ் கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்றம் கலக்கச் சட்டம் போட்டார்கள்.

வேலிக்காரன்:
படித்ததும் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் கண்முன் வந்தார்கள் அண்ணா. கமிஷனைக் கூப்பிட்டேன், கடிதம் நிஜம்தான். பதில் எழுதி மச்சானிடமும் படித்துக் காட்டிவிட்டேன், நாளை காலை அனுப்புகிறேன். வியாழக்கிழமை வேலைக்கு எடுத்த டிக்கெட்டையும் இப்போதுதான் பார்த்தேன், அதுவும் பழசு. புதுசு எடுத்துவிட்டு, வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்.