வாய்க்குள் புற்று எப்படி வளர்கிறது: வேலையில் தினமும் பார்ப்பவர்கள் எழுதியது

தண்டையார்பேட்டை, பல் மருத்துவர்

மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்த கலவை) போடுபவர்கள் புண்ணுக்காக முதலில் வருவதில்லை. "குழம்பு சாப்பிட்டா வாயெல்லாம் எரியுது" என்றுதான் வருவார்கள். பி காம்ப்ளக்ஸும் ஒரு ஜெல்லும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிற முதல் தவறு. அந்த எரிச்சலை விட்டுவிடாதீர்கள். கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் நார் நாராகப் பட்டை தட்டும். அவருடைய விரல் மூன்றையே ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறதா? ஸ்கேலை எடுத்து மேல், கீழ் முன்பல் நுனிகளுக்கு இடையே அளந்து, மில்லிமீட்டரில் சீட்டில் எழுதுங்கள். பெரியவர்களுக்கு 35க்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வாய் சுருங்கியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது இது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. பாக்கிலேயே இருக்கும் தாமிரம், அந்த இழைகளை ஒன்றோடொன்று பின்னும் நொதியை முடுக்கிவிடுகிறது. பின்னிய இழை எளிதில் கரையாது. மேல்தோல் மெலிகிறது, அடியில் ரத்த ஓட்டம் குறைகிறது. மெலிந்த அந்தத் தோலின் மேல்தான் புகையிலையின் நைட்ரோசமைன்கள் என்ற புற்றூக்கிகள் மணிக்கணக்கில் ஊறுகின்றன. கூடவே சுண்ணாம்பு. அதன் காரத்தில் பாக்கின் சாறு ஆக்சிஜனோடு வினைபுரிந்து, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் மூலக்கூறுகளை விடுகிறது.

"புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்பவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2013ல் குட்காவுக்குத் தடை வந்தது. மாவாவோ லேபிள் இல்லாமல் கையில் தேய்த்து மடித்துக் கொடுப்பது. எதில் எவ்வளவு என்று வாங்குபவருக்கே தெரியாது. அதனால் "எத்தனை பொட்டலம்?" என்பதோடு நிறுத்தாமல் "எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" என்றும் கேளுங்கள். கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தை, கன்னத்தை நன்றாக இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீழ்ப்பாக்கம், நோயியல் மருத்துவர்

பல் மருத்துவர் சார் சொன்ன இடத்திலிருந்து சோதனைக்காக வெட்டி அனுப்பும் சதைத் துண்டில் (பயாப்ஸி) நான் முதலில் தேடுவது ஒரு கோட்டை. மேல்தோலையும் அதன் அடித்திசுவையும் பிரிக்கும் அடித்தளச் சவ்வு அது. செல் பிறப்பது அந்தக் கோட்டை ஒட்டிய வரிசையில். மேலே ஏற ஏறத் தட்டையாகி உதிர வேண்டும். கெட்ட செல்கள் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருந்தால் லேசான மாற்றம், நடுப்பங்கு வரை ஏறினால் நடுத்தரம், அதற்கும் மேலே போனால் கடுமை. முழுக் கனமும் கெட்டிருந்தாலும் கோடு அறுபடாத வரை அது பரவாது, ஏனென்றால் மேல்தோலுக்குள் ரத்தக் குழாயே கிடையாது. கோட்டைத் தாண்டி ஒரு கொத்து கீழே இறங்கிவிட்டால் என் அறிக்கையில் எழுதும் வார்த்தையே 'புற்று' என்று மாறிவிடும்.

ஒரு மரபணு கெட்டால் போதாது. பிழையைக் கண்டதும் பிரிவதை நிறுத்தும் பி53, பிரிவுக்குக் கடிவாளம் போடும் பி16 என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் எடுப்பது அதற்காகத்தான். வாய்க்குள் தோன்றும் எல்லா வெள்ளைத் திட்டும் புற்றாவதில்லை, பெரும்பாலானவை ஆவதே இல்லை. சிவப்புத் திட்டு அப்படியல்ல. வெல்வெட் துணி மாதிரி சிவந்த ஒரு சின்ன இடம் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே துண்டு எடுங்கள்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செல் 30 முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி, அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கட்டி. நடுவில் நிறைய செல்கள் சாவதால் கணக்கு இவ்வளவு நேராக ஓடாது. ஆனால் விரலுக்குத் தட்டுப்படும் நாளில் அதன் வளர்ச்சியில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்ட அதற்குச் சொந்த ரத்தக் குழாய் வேண்டும். அதைத் தன்னிடம் வரவழைக்கும் புரதங்களைக் கட்டியே சுரக்கிறது.

பெரம்பூர், ஆய்வக டெக்னீஷியன்

மேடம் சொல்ற கோடு தெரியணும்னா துண்டு ஒழுங்கா வந்து சேரணும். சலைன்ல போட்டு வருது, ஸ்பிரிட்ல போட்டு வருது. சலைன்ல போட்டா செல் தானே கரைய ஆரம்பிச்சிடும். சதையைக் கெடாம வைக்கிற 10 சதவீத ஃபார்மலின்லதான் போடணும், துண்டோட அளவுக்குக் குறைஞ்சது பத்து மடங்கு. வாய் குறுகின ஊசி மருந்து பாட்டில் வேணாம். உள்ள போறப்ப மெத்துன்னு இருக்கிற சதை கெட்டியான பிறகு வெளிய வராது, இழுத்தா நசுங்கிடும். பேரை மூடியில எழுதாதீங்க, பாட்டில் உடம்புல எழுதுங்க. மூடி மாறிப்போனா ஆளே மாறிப்போயிடும்.

எடுக்கிற இடமும் முக்கியம். புண்ணோட நடுவுல எடுத்தா செத்த சதையும் சீழும்தான் வரும். ஓரத்துல, பக்கத்து நல்ல தோலும் சேர்ற மாதிரி, ஆழமா எடுக்கணும். மேலோட்டமா சீவினா கோடே இருக்காது, மேடம் "போதாது, மறுபடி எடுக்கவும்"னு எழுதுவாங்க. நோயாளி திரும்பி வருவார்ங்கிறதுக்கு உத்தரவாதம் இல்ல.

தண்டையார்பேட்டை, பல் மருத்துவர்

ஒன்றைச் சேர்க்கிறேன். கூர்ப்பல் குத்தி வந்த புண் என்று தோன்றினால் பல்லை ராவிவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். ஆறவில்லையென்றால் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சொந்தமாகத் துண்டு எடுக்க வசதி இல்லாதவர்கள் பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே சீட்டு எழுதி அனுப்பலாம்.

வேளச்சேரி, தலை கழுத்து அறுவை மருத்துவர்

"கத்தி பட்டா பரவிடும்" என்ற பயத்தால்தான் பலர் துண்டு எடுக்க விடுவதில்லை. பரவுவது கோட்டைத் தாண்டிய ஆழத்தால். புண் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அது முதல் நிலையில்லை. தாடைக்கு அடியிலுள்ள நெறிக்கட்டிக்கு அது ஏற்கெனவே போயிருக்கலாம். வலிக்காத, கல் மாதிரி கட்டி கழுத்தில் இருந்தால், ஊசி வைத்து எடுத்துப் பார்க்காமல், டி.பி. என்று நினைத்து அதற்கான மாத்திரை தொடங்கவே கூடாது.

பல் மருத்துவர்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்று. மாவா ஒதுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பல் மட்டும் ஆடினால், எக்ஸ்ரே பார்க்காமல் பிடுங்காதீர்கள். ஈறில் இருக்கும் புற்று எலும்பைத் தின்றதால் ஆடும் பல்லாக அது இருக்கலாம். பிடுங்கிய குழி கட்டிக்கு எலும்புக்குள் நேர்வழி. ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது, மூன்று வாரமாகியும் குழி மூடாமல் சிவந்த சதை பிதுங்குகிறது என்றால், அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பெரம்பூர் தம்பி சொன்ன ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்புங்கள்.