‘டைரக்டர் ஆஃப் கிளினிக்கல் எஜுகேஷன்’ பதவிக்குத் தமிழ்ப் பெயர்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உடல்நல அறிவியல் துறைகளில் வழங்கும் பதவிப் பெயர்களைத் தமிழாக்கும் இவ்விழையில், ‘டைரக்டர் ஆஃப் கிளினிக்கல் எஜுகேஷன்’ என்பதற்கு ‘மருத்துவக் கல்வி இயக்குநர்’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. அதை ஏற்க இயலாது என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் அப்பெயர் அரசு மருத்துவக் கல்லூரிகளை நிருவகிக்கும் இயக்குநரகத்தின் தலைமை அலுவலருக்கு உரியது; நாளிதழ் படிக்கும் எவரும் அவரைத்தான் நினைப்பார்கள். ஒரு துறைக்குள் மாணவர்களின் பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு அதே பெயரைச் சூட்டினால் குழப்பமே மிஞ்சும். அந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

இயன்முறை மருத்துவத் (பிசியோதெரபி) துறையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இப்படிப்புக்கு ஏற்பளிக்கும் ஆணையமான கேப்டி, முனைவர் நிலைப் பட்டம் பெறும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 30 வாரங்கள் முழுநேரமாக நோயாளிகளிடையே பயிற்சி பெற வேண்டும் என்று விதித்திருக்கிறது. எந்த மாணவர் எந்த மருத்துவமனைக்குச் செல்வது, அந்த மருத்துவமனையோடு பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறதா, மாணவரின் தடுப்பூசிச் சான்றுகள் சரியாக இருக்கின்றனவா என்பவற்றையெல்லாம் பார்ப்பவர் இப்பதவியில் இருக்கும் துறை ஆசிரியர். பயிற்சி நடக்கும் இடத்தில் மாணவரின் அருகில் நிற்பவர் வேறொருவர். ‘கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்’ எனப்படும் அவர் பெரும்பாலும் மருத்துவமனையின் ஊழியர், பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறுபவர் அல்லர். பயிற்சியின் நடுவிலும் முடிவிலும் அவர் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புகிறார். மாணவரும் தம்மைத் தாமே மதிப்பிட்டு அதே படிவத்தை நிரப்புகிறார். இரண்டையும் ஒப்பிட்டுப் படித்து, தேவைப்பட்டால் நேரில் சென்று பேசி, மாணவர் தேறினாரா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பு துறை ஆசிரியருடையது. ஒரு மாணவரின் செயலால் நோயாளிக்கு ஆபத்து நேரக்கூடும் என்று பயிற்றுநர் அஞ்சினால் முதலில் தொலைபேசியில் அழைப்பதும் இவரைத்தான்.

இத்தனை பொறுப்பும் இருப்பதால்தான் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற சொல் இங்கே போதாது என்கிறேன். ஆங்கிலத்திலேயே முன்னர் பல பல்கலைக்கழகங்களில் இப்பதவி ‘கோஆர்டினேட்டர்’ என்றுதான் வழங்கியது. பின்னர்தான் ‘டைரக்டர்’ ஆயிற்று. பட்டியல் போடுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த மாற்றம் ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது ‘கிளினிக்கல்’. அதன் கிரேக்க வேர் படுக்கையைக் குறிப்பதால் ‘படுக்கையோரக் கல்வி’ எனலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வேர்ச்சொல் ஆராய்ச்சியாக அது சரியே. ஆனால் பக்கவாதத்தால் சாய்ந்தவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க வைப்பதுதான் இயன்முறை மருத்துவரின் தொழில். அதன் பயிற்சிக்குப் படுக்கையின் பெயரை வைப்பது பொருந்தவில்லை. ‘சிகிச்சைக் கல்வி’ என்றால் கதிர்ப்படம் எடுப்பவரும் ஆய்வகத்தில் குருதியைச் சோதிப்பவரும் வெளியே நின்றுவிடுவார்கள்; அவர்கள் நோயைக் கண்டறியத் துணைசெய்கிறார்களே அன்றிச் சிகிச்சை தருவதில்லை. ‘மருத்துவமனைப் பயிற்சி’ என்பது எளிய சொல்தான் என்றாலும், பேச்சுப் பயிற்சியாளர் பள்ளிக்கூடத்துக்கும் இயன்முறை மருத்துவர் முதியோர் இல்லத்துக்கும் நோயாளியின் வீட்டுக்கும் போகிறாரே! ‘களம்’ என்று மட்டும் சொன்னால் சமூகப்பணித் துறையின் களப்பணியோடு கலந்துவிடும். ‘பணியிடம்’ என்றதுமே நம் காதில் விழுவது ‘காலிப் பணியிடம்’தான்.

ஆகவே ‘பணிக்களம்’ என்பதை முன்வைக்கிறேன். தொழில் உண்மையாக நடக்கும் இடம் எதுவோ, மருத்துவமனையோ பள்ளியோ வீடோ, அது பணிக்களம். ‘கிளினிக்கல்’ வரும் இடமெல்லாம் இச்சொல்லையே இட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்தாய்விலும் உளவியலிலும் வேறு சொற்கள் வழக்கில் இருக்கின்றன, அவை அப்படியே இருக்கட்டும். இங்கே நாம் பேசுவது கல்வியையும் அதற்குரிய பதவியையும் பற்றி மட்டுமே.

பதவியின் ஈற்றுச் சொல்லுக்கு வருகிறேன். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்பவை தகுதிநிலைகள். ஒருவர் அவற்றில் படிப்படியாக ஏறுகிறார். துறைத் தலைவர் என்பது குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்று நடத்தும் பொறுப்பு. ஒரே ஆசிரியர் தகுதிநிலையில் இணைப் பேராசிரியராகவும் பொறுப்பில் துறைத் தலைவராகவும் இருப்பது எங்கும் காணக்கூடியதே. நாம் தேடும் பதவி இரண்டாம் வகை. ‘இயக்குநர்’ என்றால் இயக்குநரகம் நினைவுக்கு வருகிறது. இலங்கையிலோ அதே பொருளில் ‘பணிப்பாளர்’ என்பதுதான் வழக்கு. ‘பொறுப்பாளர்’ என்று எழுதலாமே எனில், தமிழ்நாட்டு அலுவலகங்களில் பதவிக்குப் பின்னால் ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் அவர் தற்காலிகமாக அமர்ந்திருப்பவர் என்று பொருள். ‘தலைவர்’ என்பதற்கு இத்தகைய சிக்கல் எதுவும் இல்லை. துறைத் தலைவருக்கு இணையாகவும் ஒலிக்கிறது. எனவே ‘பணிக்களக் கல்வித் தலைவர்’. மருத்துவமனைத் தரப்பில் மாணவர்களைப் பகிர்ந்தளிப்பவருக்குத்தான் ஒருங்கிணைப்பாளர் என்ற சொல் பொருந்தும்: ‘பணிக்கள ஒருங்கிணைப்பாளர்’. மாணவரின் அருகில் நிற்பவர் ‘பணிக்களப் பயிற்றுநர்’.

இப்பதவிக்கு நம்மிடம் ஏன் இதுவரை சொல் பிறக்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியரே வார்டிலும் நோயாளியைப் பார்க்கிறார். கல்லூரிக்கும் அதைச் சேர்ந்த மருத்துவமனைக்கும் முதல்வர் ஒருவரே. இரு தரப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு: போதனா வைத்தியசாலையில் (மாணவர்களுக்குக் கற்பிக்கும் மருத்துவமனையில்) சுகாதார அமைச்சின் கீழ்ப் பணியாற்றும் மருத்துவ நிபுணர்கள், 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்தின் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் சொந்த மருத்துவமனை இல்லாத இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களை வெளி மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்காக (‘போஸ்டிங்’) அனுப்புகின்றன. இணைநிலைத் (‘அலைடு’) தொழில்வல்லுநர்களுக்கும் உடல்நலத் (‘ஹெல்த்கேர்’) தொழில்வல்லுநர்களுக்கும் என இந்தியாவில் 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டம், உடல்நலத் தொழில்வல்லுநர் பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு என்று வகுத்துவிட்ட பிறகு, அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு துறைக்கும் தேவைப்படுவார்.

‘ஃபேக்கல்டி’ பற்றி ஒரு வரி. அமைப்பைக் குறிக்கும்போது இலங்கையில் பீடம், தமிழ்நாட்டில் புலம். அவற்றின் தலைவர்கள் முறையே பீடாதிபதி, புலமுதல்வர். இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம். ஆட்களைக் குறிக்கும்போது ‘துறை ஆசிரியர்கள்’ என்பது போதும்.

‘கிளினிக்கல்’ என்றே தமிழில் எழுதிவிடலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மாணவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் பேசுவார்கள், அதில் தவறில்லை. பணி ஆணைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. என் கவலை நோயாளியைப் பற்றியது. புறநோயாளர் பிரிவில் அவரைச் சுற்றி நிற்கும் மாணவர், பயிற்றுநர், ஆசிரியர் மூவரையும் அவர் ‘டாக்டர்’ என்றே அழைக்கிறார். தம் தோளைப் பிடித்து அசைப்பவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்பதை அறிந்து சம்மதம் தரும் உரிமை அவருக்கு உண்டு. அந்தச் சம்மதப் படிவம் தமிழில்தான் இருந்தாக வேண்டும். அதற்கென ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்:

“உங்களுக்கு இன்று பயிற்சி அளிப்பவர் இறுதியாண்டு மாணவர். பணிக்களப் பயிற்றுநர் அருகிலேயே இருந்து மேற்பார்வையிடுவார். உங்களுக்குக் குறை ஏதும் இருந்தால் கல்லூரியின் பணிக்களக் கல்வித் தலைவரிடம் தெரிவிக்கலாம். மாணவரிடம் பயிற்சி பெற விருப்பமில்லை என்றாலும் உங்கள் சிகிச்சை தடைபடாது.”

மருத்துவமனைகளில் பணியாற்றும் உறுப்பினர்கள் இதை நோயாளிகள் சிலரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் எந்தச் சொல்லில் தடுமாறுகிறார்கள் என்று இங்கே எழுத வேண்டுகிறேன். ‘பணிக்களம்’ அவர்களுக்குப் புரியவில்லை என்றால் படிவத்தில் மட்டும் ‘பயிற்சித் தலைவர்’ என்று சுருக்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

அன்புடன்.