புதுப்பிப்பு: மண்ணெண்ணெய் அடுப்பு இப்போது நீலமாக எரிகிறது

மலையேற்றத்துக்கு எடுத்துப்போகும் சின்னத் திரவ எரிபொருள் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சுடர் மஞ்சளாகத் துள்ளுகிறது, பாத்திரமெல்லாம் கரி என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது! முக்கியக் காரணம் முன்சூடு. எரிபொருள் வரும் குழாய் நன்றாகச் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி ஜெட் (எரிபொருள் வெளிவரும் நுண்துளை முனை) வழியே வரும். இல்லாவிட்டால் திரவமாகவே வந்து புகையும். பெட்ரோலைவிட இதற்குச் சூடு அதிகம் வேண்டும். இப்போது பர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் (எரிசாராயம்) ஊற்றிப் பற்றவைத்து, அது அணையப்போகும் நேரத்தில் வால்வை மெல்லத் திறக்கிறேன். அந்த உறுமல் சத்தத்தைக் கேட்கவே நிறைவாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெய்க்கான சின்னத் துளை ஜெட்டையும் மாட்டினேன். அப்புறம், பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மணமே இல்லாமல் சேரும்.