ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஜெர்மன்: டிவியில் எதைப் போட்டுக் காட்டுவது?

கோவைக்காரி:
வணக்கம். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டுக்காரருக்கு ஆபீஸில் இங்கிலீஷே போதும். மாட்டிக்கிட்டது நானும் அஞ்சு வயசுப் பொண்ணும்தான். கிட்டாவுக்கு (இங்கத்த பாலர் பள்ளி) போறா, அங்கே வாயே திறக்கிறதில்லை. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தமிழ்ல கொட்டித் தீர்த்துடுவா. யூடியூப்ல ஜெர்மன் பாட்டு போட்டுவிட்டேன். "ரோட், பிளாவ், கெல்ப்"னு கலரெல்லாம் ஒப்பிக்கிறா, ஆனா தண்ணி வேணும்னு கேட்கத் தெரியலை. பெப்பா பிக் இங்கே பெப்பா வுட்ஸாம். கதை ஏற்கெனவே மனப்பாடம்கிறதால பார்க்கிறா, அந்த வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு வாங்குது. மெதுவா, சின்னச் சின்ன வாக்கியமா பேசுற நிகழ்ச்சி இருந்தா சொல்லுங்க. நானும் கூட உட்காரணும். ஏ1ங்கிற தொடக்க நிலை வகுப்புல, பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஆண்பால், பெண்பால், ரெண்டும் இல்லாததுன்னு வர்ற டேர், டீ, டாஸ்ல தலை சுத்துது.

மியூனிக்வாசி:
மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டுறீங்கள்ல, பாருங்க! வீட்ல டிவியே இல்லைன்னாலும் அவங்க விடுறதில்லை. அந்தக் காசுல ஓடுறதுதான் கிகா. இங்கத்த பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏஆர்டியும் இசட்டிஎஃப்பும் சேர்ந்து 1997ல ஆரம்பிச்ச குழந்தைகள் சேனல், விளம்பரம் கிடையாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல போட்டா பெர்ன்ட்னு ஒரு ரொட்டி உட்கார்ந்து புலம்பிக்கிட்டிருக்கும். அது உங்களுக்கு, பாப்பாவுக்கு இல்லை.

ஹாம் அக்கா:
தங்கச்சி, உங்கட மகளின்ர கதைதான் என்ர கதையும். 1986இல யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்து இறங்கேக்க எனக்கு ஆறு வயசு. அகதி விடுதியில பொது அறைக்கு ஒரு டிவிப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலமை லெபனான் பிள்ளையள், ஈரான் பிள்ளையள், நாங்கள், எல்லாரும் அதுக்கு முன்னால குந்தியிருப்பம். "டி செண்டுங் மிட் டேர் மவுஸ்", எண்டா "எலியோட வாற நிகழ்ச்சி". செம்மஞ்சள் எலி. 1971இல தொடங்கினது, இண்டைக்கும் போகுது.

அந்த எலி ஒரு சொல்லுக்கூடக் கதைக்காது. கண்ணை வெட்டினா "கிளிக்" எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். வகுப்பில வாய் திறக்காத எனக்கு அதில விருப்பம் வர வேற என்ன வேணும்?

நீங்கள் கேட்ட சின்ன வசனம் நடுவில வாற துண்டுப் படங்களில இருக்கு. ஒரு சாமான் எப்பிடி உருவாகுது எண்டு ஃபக்டரிக்குள்ளயே போய்க் காட்டுவினம். விளக்கம் சொல்லுற அர்மின் மைவால்டின்ர குரல் பின்னால வரும். கை என்ன செய்யுதோ அதைத்தான் குரல் சொல்லும். முதலில சத்தத்தை நிப்பாட்டிப் பாருங்கோ, விளங்கும். பிறகு அதே துண்டைச் சத்தத்தோட போடுங்கோ.

தொடக்கத்தில இண்டைக்கு என்ன வருது எண்டு ஜெர்மனில சொல்லிப்போட்டு, அதையே வேறொரு மொழியில திருப்பிச் சொல்லி, அது என்ன மொழி எண்டும் சொல்லுவினம். என்ர அம்மா ஒவ்வொரு கிழமையும், தமிழ் வருமோ எண்டு அடுப்படியில இருந்து எட்டிப் பார்ப்பா.

டேர், டீ, டாஸுக்கும் அதுவே வழி. டீ மவுஸ் (தலைப்பில "மிட்"டுக்குப் பிறகு வாறதாலதான் அது "டேர்" ஆகுது), நீல யானை டேர் எலெஃபான்ட், மஞ்சள் வாத்து டீ என்ட்டெ. எங்களுக்கு எல்லாம் "அது"தானே! ஒவ்வொரு கிழமையும் கேட்டா "மவுஸ்" தனிய வராது, "டீ மவுஸ்" எண்டுதான் வாயில வரும்.

பின்னேரம் 6.50க்கு கிகாவில சாண்ட்மென்ஷென் போடுங்கோ. பத்து நிமிசம். 1959இல கிழக்கு ஜெர்மனியில தொடங்கினது. மணல் தூவிப் பிள்ளையளை நித்திரையாக்கிற, தாடி வச்ச குட்டி ஆள். டேர் மான் எண்டா ஆம்பிளை. பின்னால "குட்டி" எண்ட அர்த்தத்தில "ஷென்" ஒட்டிச்சுதோ, தாடி இருந்தாலும் டாஸ் மென்ஷென்தான். பொம்பிளைப் பிள்ளை டாஸ் மெட்ஷென் ஆனதும் அந்த "ஷென்"னாலதான். இதை எனக்கு வகுப்பில ஒருத்தரும் சொல்லித்தரேல்ல.

வகுப்பு எடுப்பவள்:
அக்கா சொன்னது சரி, ஆனா மவுஸ் முழு அரை மணி நேரமும் புது ஆளுக்குப் பாரம். ஒரே ஒரு துண்டு, அதையே மூணு நாள் காட்டுங்க. உங்களுக்குன்னா, டாய்ச்ச வெல்லெங்கிற ஜெர்மன் ஒளிபரப்பு நிறுவனத்தோட "நீகோஸ் வேக்" பாருங்க. ஸ்பெயின்ல இருந்து வந்து இறங்கின பையன் பையைத் தொலைச்சுட்டு முழிக்கிற கதை, ஏ1ல ஆரம்பிக்குது, இலவசம்.

கோவைக்காரி:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். அக்கா, சத்தமில்லாம முதல்ல பார்க்கச் சொன்னீங்களே, அதுதான் வேலை செஞ்சுது. ரெண்டாவது தடவை "இப்ப மாவை ஊத்துவாங்க பாரு"ன்னு அவளே தமிழ்ல முந்திக்கிட்டுச் சொல்றா. நேத்து கிட்டா டீச்சர் "கூட்டன் மோர்கன்" (காலை வணக்கம்) சொன்னதும் கண்ணைச் சிமிட்டி நாக்கால "கிளிக்"னா. டீச்சரும் "ஆ, டீ மவுஸ்!"னு திருப்பி ஒரு கிளிக். சாயந்திரம் சாண்ட்மென்ஷென் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு இழுத்து "நொஹ் மால்!"ங்கிறா, இன்னொரு தடவையாம்.

தண்ணி இன்னும் தமிழ்லதான்.