தேங்காய் மட்டை உரிக்கும் நாய்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொடிக்கால், சோழவந்தான்

எங்கள் நாய் கருப்பனுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து இன்றோடு 19 நாள். தையல் பிரித்தாயிற்று, சோறு சாப்பிடுகிறான். ஆனாலும் அன்றைக்கு டாக்டர் காட்டிய ட்ரே கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோப்பிலேயே வளர்ந்தவன். நெத்து விழுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான். முன்னங்கால் இரண்டாலும் காயை அணைத்துக்கொண்டு, காம்புப் பக்கம் பல்லை வைத்து நார் நாராகக் கிழித்துப் போடுவான். அரைமணி நேரத்தில் உரித்துவிடுவான். வருகிறவர்கள் எல்லாம் செல்போனில் படம் பிடிப்பார்கள். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். கிழிப்பதை எல்லாம் துப்பிவிடுகிறான் என்றே நினைத்தேன்.

ஒருநாள் சோற்றை மோந்துவிட்டு ஒதுங்கிப் படுத்தான். மறுநாள் மஞ்சள் மஞ்சளாக வாந்தி. அதற்கடுத்த நாள் குடித்த தண்ணீரும் நிற்கவில்லை, வெளிக்கும் போகவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் குடல் காற்றடைத்து வீங்கியிருப்பதுதான் தெரிந்தது. எலும்பு, இரும்பு தெரிகிற மாதிரி நார் எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஸ்கேனில்தான் அடைப்பு பிடிபட்டது.

எவர்சில்வர் ட்ரேயில் இருந்தது கயிறு. என் நடுவிரல் நீளம், கட்டைவிரல் கனம். யாரோ உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்துத் திரித்தது போல அவ்வளவு இறுக்கம். துப்பாமல் போன துணுக்கு நாரை எல்லாம் அவன் குடலே திரித்து வைத்திருக்கிறது. நுனியைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் தோப்பு நார்தான்.

உங்கள் நாய்களும் மட்டை உரிக்குமா? என்ன செய்கிறீர்கள்?

வாடிப்பட்டி தோப்பு

அண்ணே, கருப்பன் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் மட்டையைக் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து ஏழெட்டு நாய் வளர்த்திருக்கிறோம். எல்லாமே மட்டை கடித்ததுதான், ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. எங்களுக்குக் கேடு வந்தது கொப்பரையால்.

களத்தில் காயப்போட்டிருந்தோம். ராத்திரி எங்கள் நாய் செவலை உள்ளே புகுந்து எவ்வளவு தின்றதோ தெரியாது. விடியும்போது முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. சாமி கும்பிடுகிற மாதிரி. விளையாடக் கூப்பிடுகிறது என்று நினைத்து நான் ஒரு குச்சியை எறிந்தேன். அது அசையாமல் என்னையே பார்த்தது. கணையம் வீங்கிவிட்டது, அந்த வலியில்தான் அப்படி நிற்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஐந்தாம் நாள் போய்விட்டது. குச்சியை எறிந்தேனே, அதுதான் இன்னமும் மனதில் கிடந்து அறுக்கிறது.

இன்னொன்று, அடைப்பு என்றால் உடனே கத்தி வைக்க வேண்டாம். ரெண்டு சங்கு விளக்கெண்ணெய் புகட்டியிருந்தால் வந்திருக்கும்.

திருப்பரங்குன்றம் லட்சுமி அக்கா

நான் நாய் வளர்க்கவில்லை தம்பி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன்.

யாரோ புது வண்டிக்குப் பூசை போட்டுச் சிதறுகாய் உடைத்துவிட்டுப் போனார்கள். பெரிய சில்லை எல்லாம் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டார்கள். ஓட்டோடு கிடந்த சிறுசை எங்கள் தெருத் தாய்நாய் எடுத்தது. மூன்று குட்டிக்குப் பால் கொடுக்கிற நாய். கொஞ்ச நேரத்தில் வாயைச் சுவரில் போட்டு உரசுகிறது, முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டுகிறது, ரத்தத்தோடு எச்சில் வழிகிறது. "வெறி பிடித்திருச்சு" என்று ஒரு பையன் கத்தினான். நாலு பேர் கட்டை எடுத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அது வாயைத் திறந்தது. மேலண்ணத்தில் குறுக்காக, ரெண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், தீப்பெட்டி அளவுக் கொட்டாங்குச்சிச் சில்லு கவிழ்ந்து சிக்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. பால்காரத் தம்பி சாக்கைப் போட்டு அமுக்கினார். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பினேன். டக்கென்று வெளியே வந்து விழுந்தது. எழுந்து குட்டிகளிடம் ஓடிவிட்டது.

நான் பார்க்காமல் போயிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள். இப்போது அங்கே காய் உடைத்தால் விளக்குமாறோடு போய் நிற்கிறேன்.

மேலூர் நாய்ப்பிரியன்

என் கதை ரெண்டு வரி. எங்கள் சிப்பிப்பாறை நாய் கொட்டாங்குச்சியைக் கடித்து மேல்தாடைப் பெரிய பல் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கிய பிறகுதான் தெரிந்தது, பல்லைப் பிடுங்கினோம்.

அதைவிட முக்கியம் மேலே எழுதியிருப்பவை. வாடிப்பட்டி அண்ணே, விளக்கெண்ணெய் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அது குடலை வேகமாக முறுக்கித் தள்ள வைக்கும். வழி அடைத்திருக்கும்போது தள்ளினால் குடல் கிழியும். வாந்தி எடுக்கிற நாய்க்குப் புகட்டினால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலும் கெடும். வாந்தி, வயிறு இறுகல், வெளிக்குப் போகாதது, இந்த மூன்றும் சேர்ந்தால் கைவைத்தியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் குடல் அழுகும்.

லட்சுமி அக்கா, நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் எச்சில் வழிகிற தெருநாய் வாயில் இன்னொரு தடவை கை வைக்காதீர்கள். தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி நிற்பது நிஜமாகவே வெறிநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கையில் கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டீர்களா?

தேங்காய் விஷமில்லை. பருப்பை மட்டும் சுரண்டி, விரல் நகம் அளவு ரெண்டு துண்டு, வாரத்தில் ஒருநாள் கொடுத்தால் திடமான நாய்க்கு ஒன்றும் ஆகாது. பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. காய்ந்து கொப்பரையானால் 60 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய், செவலைக்கு வினையானது அதுதான். பூஞ்சை பிடித்த கொப்பரை ஈரலையும் கெடுக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குக் கூடவே கூடாது. சட்னி மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து போடுகிறவர்கள் நிறைய. அதில் வெங்காயம் இருந்தால் நாயின் ரத்தத்தையே அழிக்கும். மட்டையும் ஓடும் எந்த அளவிலும் வேண்டாம்.

வாடிப்பட்டி தோப்பு

விளக்கெண்ணெய் விஷயம் சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழெட்டு நாய்க்கு ஆகாதது ஒன்றுக்கு ஆனால் மட்டைதான் காரணமா?

கொடிக்கால், சோழவந்தான்

அந்த ஏழெட்டு நாயும் எப்படிச் செத்தது என்று யாராவது வயிற்றைத் திறந்து பார்த்தோமா அண்ணே? "சாப்பிடாமல் கிடந்தது, போய்விட்டது" என்று குழி தோண்டியிருப்போம். எங்கள் வீட்டில் கருப்பனுக்கு முன்னால் இருந்தவனை அப்படித்தான் புதைத்தோம்.

வாடிப்பட்டி தோப்பு

ரெண்டு நாய் அப்படிப் போனதுதான். நான் அதை யோசிக்கவில்லை.

அலங்காநல்லூர் கிணற்றுமேடு

யாரும் சொல்லாத ஒன்று. தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டுக்காக, மரம் ஏறுகிறவர் குருத்தடி ஓலை மட்டை இடுக்கில் அந்துருண்டை வைப்பார். மரத்துக்கு மூன்று. காற்றடித்தால் குரும்பையோடு அதுவும் கீழே விழும்.

எங்கள் குட்டி குரும்பையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. தூக்கிக் கொஞ்சினேன், வாயில் துணிப் பீரோ வாசம். முதலில் எனக்குப் புரியவே இல்லை. மறுநாள் ஈறு சுண்ணாம்பாக வெளுத்து, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போன பிறகுதான் புரிந்தது. காப்பாற்ற முடியவில்லை. வாசம் வந்த அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இப்போது அந்துருண்டையை நிறுத்திவிட்டு, வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைக்கச் சொல்கிறேன். வேர் வழியாக மரத்துக்குப் பூச்சிமருந்து கட்டினாலும் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பார்களே, அந்தக் கணக்கு தோப்பு நாய்க்குத் தெரியாது. அந்த நாட்களில் விழுகிற காயை நாமே பொறுக்க வேண்டும்.

திருப்பரங்குன்றம் லட்சுமி அக்கா

மேலூர் தம்பி, கையில் கீறல் இல்லை, ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டேன். நாயும் குட்டிகளும் நன்றாக இருக்கின்றன.

கொடிக்கால், சோழவந்தான்

எல்லாருக்கும் நன்றி. இப்போது காலையிலும் சாயங்காலமும் தோப்பைச் சுற்றி விழுந்ததைப் பொறுக்கி அறையில் போட்டுப் பூட்டுகிறோம். மட்டைக் குவியலைச் சுற்றிக் கம்பி வலை கட்டியாயிற்று. கடிக்கக் கெட்டி ரப்பர் பந்து ஒன்று வாங்கிப் போட்டேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். நேற்று ராத்திரி மூன்று மணி இருக்கும், தோப்பில் தொப்பென்று ஒரு காய் விழுந்தது. திண்ணையில் படுத்திருந்த கருப்பன் காதை விறைத்துக்கொண்டு எழுந்தான். அவனுக்கு முன்னால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். காயை எடுத்து நிமிர்ந்து பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான், நான் எறிவேன் என்று.