சொல் வேண்டும்: பட்டாளத்தில் கெட்ட காதுக்கு

ஆர்.கே.புரத்திலிருந்து, திங்கள் இரவு

நம் தில்லிச் சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வியாழனுக்குள் இரண்டு சொற்கள் வேண்டும்.

இங்கே முதலாம் செக்டாரில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவருக்காக, எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காது கெட்டு, அதற்கான ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள் மேல்முறையீடு செய்வது எப்படி என்பதைச் சொல்லும் கையேடு. வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.

ஒரு வீரரை விடுவிக்கும்போது மருத்துவக் குழு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதும். குறை பணியின் காரணமாக உண்டானதா? அதை 'அட்ரிபியூட்டபிள்' என்கிறார்கள். வேறெப்படித் தோன்றியிருந்தாலும் பணி அதை மோசமாக்கியதா? அது 'அக்ரவேட்டட்'. இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை கிடைத்து, குறை 20 விழுக்காட்டை எட்டினால் போதும். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, அந்த 20-ஐ 50 ஆகக் கணக்கிடலாம். இரண்டுக்குமே 'இல்லை' என்றால் தாளில் 'நானா' (NANA, 'இரண்டுமல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும்.

சென்ற மாதம் பீரங்கிப் படை நாயக் ஒருவரின் தாள்களைப் படித்தேன். செவிச்சோதனை வரைபடத்தில் கோடு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கி, 8000-இல் கொஞ்சம் மேலேறியது. வெடியோசை தின்ற காதின் கோடு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு அடுத்த தாளில் 'நானா'. "பட்டாளத்தால் வரவில்லை என்று எழுதிவிட்டார்களே அம்மா" என்று ஒன்பது ஆண்டுகள் சும்மா இருந்திருக்கிறார். இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. இனி வென்றாலும் பொதுவாக மூன்று ஆண்டு நிலுவைதான் கைக்கு வரும்.

கையேட்டில் இப்போதைக்கு 'பணி ஏதுவான', 'பணியால் தீவிரமடைந்த' என்று வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

துவாரகாவிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, 'ஏது' பழுதற்ற சொல். ஐந்தாம் வேற்றுமைக்குரிய நான்கு பொருள்களில் ஏதுவும் ஒன்று. 'தீவிரம்' நமக்கு வேண்டாம். வினைத்தொகையாக அமைத்தால் சுருங்கும்: பணிவிளை குறை, பணிமிகு குறை. விளைந்த, விளைகின்ற, விளையும் என முக்காலத்தையும் அது தாங்கும். காதுக்குறை ஓய்வு பெற்ற பின்னும் வளரக்கூடியது என்பதால் இங்கே காலம் மறைந்து நிற்பதே பொருத்தம். 'ஹியரிங் லாஸ்' என்பதற்குக் 'கேள்திறன் இழப்பு' என்று வையுங்கள்.

முனீர்காவிலிருந்து, செவ்வாய் மாலை

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன். 'பணிமிகு' என்றால் வேலை அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. 'கேள்திறன் இழப்பு' என்று எந்த வீரனும் டாக்டரிடம் சொன்னதில்லை. காது மந்தம் என்போம். குரல் கேட்கும், சொல் பிரியாது. வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுட்டவனுக்கு இடது காதுதான் முதலில் போகும், குழல்வாய்க்குப் பக்கத்தில் இருப்பது அதுதானே. எனக்கும் அப்படித்தான். என் மனைவி இன்றும் என் வலப்பக்கம்தான் நடப்பாள்.

சர்வீஸில் வந்தது, சர்வீஸில் முற்றியது. இப்படி எழுதினால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

மயூர் விஹாரிலிருந்து, செவ்வாய் இரவு

'கேள்' என்பதை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். 'யாவரும் கேளிர்' என்பதில் உள்ள கேள் உறவைக் குறிப்பது. ஒருவர் பேச மற்றவர் கேட்பதால்தான் உறவு என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன். கேட்டல், வினவல், உறவு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. காது மந்தமானவர் முதலில் இழப்பது வீட்டுப் பேச்சைத்தான். அந்த வகையில் 'கேள்திறன்' ஆழமான சொல்.

ஜனக்புரியிலிருந்து, புதன் காலை

உறவைக் குறிக்கும் கேளும் கேட்டலைக் குறிக்கும் கேளும் ஒரே வேர் என்பதற்குச் சான்று வேண்டும். ஒலி ஒத்திருப்பது மட்டும் போதாது.

'முற்றிய' என்பதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். முற்று என்றால் நிறைவு. வினைமுற்று, முற்றுப்புள்ளி, முற்றும். 'பணியில் முற்றிய குறை' என்பதைப் பணிக்காலத்தோடு முடிந்துபோன குறை என்று ஓர் அதிகாரி படித்தால் யார் பொறுப்பு? 'சர்வீஸ்' அறவே வேண்டாம், படைப்பணி என்ற நல்ல தமிழ் இருக்கிறது.

மயூர் விஹாரிலிருந்து, புதன் நண்பகல்

முற்றுகையும் அதே முற்றுதான், ஐயா. சூழ்ந்து நெருக்குதல். உழிஞைப் படை மதிலை முற்றுகிறது, நொச்சியார் உள்ளிருந்து காக்கிறார்கள். நோயும் உடலை அப்படித்தான் முற்றுகிறது. படைவீரரின் குறைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? காய் முற்றுகிறது, நோய் முற்றுகிறது, வாக்குவாதம் முற்றுகிறது. இவற்றில் எதுவும் முடிந்துபோனதைச் சொல்லவில்லை.

கரோல் பாகிலிருந்து, புதன் மாலை

அமெரிக்காவில் இதற்கு 'சர்வீஸ் கனெக்ஷன்' என்று ஒரே பொதுச்சொல் வைத்திருக்கிறார்கள். பணியால் வந்ததும் பணியால் மோசமானதும் அதற்குள் அடங்கும். ஓயாத காதிரைச்சலுக்கு அங்கே தனியாக 10 விழுக்காடு உண்டு. நாமும் 'பணித்தொடர்பு' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடலாமே?

ஆர்.கே.புரத்திலிருந்து, புதன் இரவு

தலைப்புக்குப் 'பணித்தொடர்பு' நன்றாகப் பொருந்துகிறது, எடுத்துக்கொண்டேன். ஆனால் நம் மருத்துவக் குழுவின் படிவத்தில் கேள்விகள் இரண்டு. இரண்டாவதற்குப் பெயர் இல்லாததால்தான் அந்த நாயக் ஐயா ஒன்பது ஆண்டுகளை இழந்தார். அதை மறுபடியும் ஒரு பொதுச்சொல்லுக்குள் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

துவாரகாவிலிருந்து, வியாழன் விடியற்காலை

'முற்றிய' நிற்கட்டும், நான் விட்டுக்கொடுக்கிறேன். உருபில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுபேதார் ஐயா 'சர்வீஸில்' என்கிறார். படிப்பவர் அந்த 'இல்'லை ஏழாம் வேற்றுமையாகத்தான் கொள்வார். அப்போது பணிக்காலத்தில் நிகழ்ந்தது என்ற பொருள்தான் கிடைக்கும். பணிக்காலத்தில் வந்தது என்பதாலேயே பணியின் காரணமாக வந்ததாகிவிடாது என்றுதானே விண்ணப்பங்களைத் தள்ளுகிறார்கள்? ஆகவே 'ஆல்' வேண்டும். பணியால் வந்த, பணியால் முற்றிய.

கையேட்டில் இதையும் அழுத்தமாக எழுதுங்கள். சேரும்போது உடற்குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தவராகவே ஒருவரைக் கொள்ள வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெய்ப்பிக்கும் சுமை வீரர் தலையில் இல்லை. இந்த ஓய்வூதியத்துக்கான 1982 தகுதி விதிகளும் நியாயமான ஐயத்தின் பயனை அவருக்கே தருகின்றன. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் விடுவிக்கப்பட்டவர்களுக்கு விதிகள் வேறு. அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

முனீர்காவிலிருந்து, வியாழன் காலை

'ஆல்' சரி, ஐயா. என் மறுப்புத் தாளிலும் ஏறக்குறைய அந்த வாசகம்தான் இருந்தது. அப்போது எனக்கு இது எட்டவில்லை.

ஆர்.கே.புரத்திலிருந்து, வியாழன் இரவு

இன்று மாலை நாயக் ஐயாவுக்குத் தொலைபேசியில் எல்லாச் சொற்களையும் படித்துக் காட்டினேன். 'பணிவிளை' என்றேன். "பணி விலகலா? நான் விலகவில்லையே, அவர்கள்தான் அனுப்பினார்கள்" என்றார். மூன்று முறை சொல்லியும் ளகரம் அவர் காதில் லகரமாகவே விழுந்தது. 'கேள்திறன்' என்பதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. 'பணியால் முற்றியது' என்றதும், "ஆமாம், பீரங்கியால் முற்றியது, அப்படித்தான் எழுத வேண்டும்" என்று உடனே சொன்னார்.

ஆகவே காது மந்தம், பணியால் வந்தது, பணியால் முற்றியது. கேள்திறன் இழப்பு முதல் பக்கத்தில் ஒரு முறை மட்டும் வருகிறது. 'சர்வீஸ்' என்பதை வீரர்களின் பேச்சாக வரும் இடங்களில் விட்டிருக்கிறேன்.

ஜனக்புரியிலிருந்து, வியாழன் இரவு

பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, தடுக்கவில்லை. ஆனால் 'முற்றிய' பற்றிய என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வருமானால் 'பணியால் மிகுந்த' என்பதைக் கருதுங்கள்.

துவாரகாவிலிருந்து, வியாழன் இரவு

நானும் அதை வழிமொழிகிறேன். ஐந்தாம் பக்கத்தின் மூன்றாம் வரியில் இன்னும் 'தீவிரமடைந்த' என்றே இருக்கிறது, அம்மா. அச்சகத்துக்கு அனுப்புமுன் மாற்றிவிடுங்கள்.