சிறுகுறிஞ்சானும் பெரியப்பாவின் மாத்திரையும்

பெரியப்பா: ஏற்காட்டிலிருந்து வந்தவர் சிறுகுறிஞ்சான் இலைப் பொடி கொடுத்திருக்கிறார். நாளையிலிருந்து சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே குடிக்கப்போகிறேன்.

செல்வி அத்தை: நல்லதுதான் அண்ணா. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரை போட்டால் மண் மாதிரி இருக்கும்.

நிலா: உண்மைதான் அத்தை. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை மறைக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு கதை.

பெரியப்பா: எலிக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்கள் கண்ணு. யூடியூபில் வந்தது.

நிலா: அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் சர்க்கரை நோய் தானாக வருவதில்லை பெரியப்பா. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளை ஊசியாகப் போட்டுக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொல்வார்கள். உங்களுக்கு வந்தது அப்படியா? எங்கள் லேபில் அதற்கும் முந்தைய வேலைதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க உதவும் ஆல்ஃபா குளுகோசிடேஸ் என்ற நொதியோடு இலைச்சாற்றைக் கலந்து, நொதியின் வேலை தடைபடுகிறதா என்று பார்ப்போம். ஒப்பிட, அந்த நொதியைத் தடுக்கும் அகார்போஸ் என்ற மருந்து. டெஸ்ட் டியூபில் ஜெயிக்கிற சாறு ஏராளம், டீ கூட ஜெயிக்கும்!

கவின்: அப்போ டீக்கடைக்காரர்தான் டாக்டர் 😄

பெரியப்பா: மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லையா?

நிலா: பார்த்தார்கள். 1990ல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்குத் தினமும் 400 மில்லிகிராம் சாறு, ஒன்றரை வருடத்துக்கு மேல். சர்க்கரை குறைந்தது, சிலர் மாத்திரையையே விட்டார்கள். ஆனால் 22 பேர் போதாது. அது அளவு தெரிந்த சாறு. உங்கள் பொடியில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குத் தெரியும்?

பெரியம்மா: மூலிகையே வேண்டாம் என்கிறாயா?

நிலா: இல்லை பெரியம்மா. பெரியப்பா போடும் மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா செடிதான். அதிலிருந்த பொருள் நேராகக் கொடுக்க முடியாத அளவுக்கு நஞ்சு. அதை ஒட்டி வேதியியல் முறையில் மெட்ஃபார்மினை 1922ல் செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகள் வந்தது 1957ல்.

செல்வி அத்தை: ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்களே?

நிலா: பூவைப் போட்டு டீ குடிங்க அத்தை, பழமொழியை டாக்டரிடம் காட்டாதீங்க. பெரியப்பா, நீங்கள் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறீர்கள். அதோடு இந்தப் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை நிறுத்தினால் ஏறும்.

பெரியப்பா: காசு கொடுத்து வாங்கியது கண்ணு.

பெரியம்மா: கொடுத்திருக்கிறார் என்றீர்களே? காசுக்கா?

பெரியப்பா: சரி சரி. நாளைக்கு அஸ்தம்பட்டி டாக்டரிடம் பாக்கெட்டோடு போகிறேன். நீயும் வா நிலா.

நிலா: வருகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கும் ரிப்போர்ட்டையும் எடுத்து வைங்க. போன தடவை கொண்டுபோனது பெரியம்மாவுடையது.